ஒரு பக்க ட்வீட்டர் மங்கல்: கண்டென்சர்தான் காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம், 80களில் ஜப்பானில் செய்த மூன்று வழி ஸ்பீக்கர் (தாழ் ஒலிக்கு ஊஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், மேல் ஒலிக்கு ட்வீட்டர் என்று மூன்றும் உள்ள பெட்டி) ஜோடி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். வலது பெட்டி நன்றாகப் பாடுகிறது. இடது பெட்டியில் ஜால்ரா, வயலின் வில்லின் உரசல், பாடகியின் ‘ஸ’ எல்லாம் மங்கிக் கேட்கின்றன. ஊஃபரைக் கழற்றி, உள்ளே இருக்கும் கிராஸ்ஓவரை, அதாவது ஒலியைப் பிரித்து மூன்றுக்கும் அனுப்பும் பலகையைப் பார்த்தீர்கள். 4.7 மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவை அளக்கும் அலகு) என்று அச்சிட்ட கண்டென்சரில், பலகையிலிருந்து கழற்றாமலேயே மீட்டர் வைத்தீர்கள்; 6.1 காட்டியது. மெக்கானிக் “கண்டென்சர் போச்சு, ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டே போட்டுவிடலாம்” என்கிறார். இணையத்தில் ஒருவர் எல்லாக் கண்டென்சர்களையும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் வகையாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் எதிலும் கை வைக்காதே என்கிறார். கடைசியில், இரண்டு படங்களையும் இணைத்து, எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் தெரிவது இரண்டு கேள்விகள்: பழுது கிராஸ்ஓவரில்தான் இருக்கிறதா? இருந்தால், ஸ்பீக்கரின் குணம் கெடாமல் எவ்வளவு தூரம் மாற்றலாம்?

முதலில் ஒன்று: இன்னும் எதையும் வாங்காதீர்கள். உங்கள் மீட்டர் சொல்வதும் உங்கள் காது சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இருக்கின்றன.

ஏன் என்று சொல்கிறேன். ட்வீட்டருக்குத் தொடராக ஒரு கண்டென்சர் இருக்கும். அது கீழ் அதிர்வெண்களைத் தடுத்து மேலே உள்ளவற்றை விடும். ஊஃபருக்குத் தொடராக இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யும். கண்டென்சர் எந்த இடத்திலிருந்து திறக்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: 1,59,000-ஐ, ட்வீட்டரின் ஓமையும் மைக்ரோஃபாரடையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை வரும். 8 ஓம், 4.7 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 4,200 ஹெர்ட்ஸ். அதே 8 ஓமுக்கு 6.1 என்றால் சுமார் 3,250. உங்கள் பெட்டியில் ட்வீட்டருக்குக் குறுக்கே, அதாவது அதன் இரு முனைகளுக்கும் இடையில் இணையாக, ஒரு சின்னக் காயிலும் இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. அதனால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் திசை மாறாது. கண்டென்சரின் அளவு கூடினால் ட்வீட்டர் இன்னும் கீழிருந்தே பாட ஆரம்பிக்கும். சத்தம் கொஞ்சம் தூக்கலாக, சில நேரம் கூச்சலாகக் கேட்கும். ட்வீட்டர் கூடுதலாகச் சூடாகும். மங்காது. ஆக, 6.1 என்பது உண்மையான அளவாகவே இருந்தாலும், நீங்கள் கேட்கும் மங்கலுக்கு அது காரணம் ஆகாது.

அந்த 6.1 உண்மையா என்பதும் சந்தேகம். பலகையில் இருக்கும்போதே அளந்தால், காயில்கள் வழியாகவும் ஊஃபர் பக்கத்துக் கண்டென்சர் வழியாகவும் மீட்டருக்கு வேறு பாதைகள் கிடைக்கும், எண் கலைந்துவிடும். ஒரு காலையாவது ஈயம் உருக்கித் தூக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இன்னொன்று, சாதாரண மல்டிமீட்டர்கள் பல, கண்டென்சர் நிரம்ப எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் அளவைச் சொல்கின்றன. பழைய கண்டென்சரில் கசிவு இருந்தால் நிரம்ப அதிக நேரம் பிடிக்கும், மீட்டர் அதைப் பெரிய கண்டென்சர் என்று எடுத்துக்கொள்ளும். வலது பெட்டியின் கண்டென்சரை நீங்கள் அளக்கவே இல்லை. நன்றாகப் பாடும் அந்தப் பெட்டியிலும் 6 காட்டினால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் காட்டும். 40 வருஷம் ஆன பைபோலார் எலக்ட்ரோலிட்டிக்குகள், அதாவது உள்ளே எலக்ட்ரோலைட் என்ற ஈரக் கலவை உள்ள, பிளஸ் மைனஸ் இல்லாத கண்டென்சர்கள், 10 முதல் 30 சதவீதம் வரை ஏறி நிற்பதை நான் சாதாரணமாகப் பார்க்கிறேன். புதிதாக வாங்கும்போதே அவற்றுக்கு 10 அல்லது 20 சதவீதம் கூடக்குறைய இருக்க அனுமதி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மங்கலை உண்டாக்கக்கூடியது வேறொரு எண், அதை உங்கள் மீட்டர் காட்டாது. கண்டென்சருக்குள் ஒளிந்திருக்கும் தொடர் மின்தடை அது, பட்டறையில் இ.எஸ்.ஆர். என்போம். நல்ல நிலையில் உள்ள 4.7 மைக்ரோஃபாரட் பைபோலாரில் அது 1 ஓமை ஒட்டி இருக்கலாம். உள்ளே எலக்ட்ரோலைட் காய்ந்துபோனால் அது ஏறும். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 4 ஓம் வந்து உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 3.5 டெசிபல் போய்விடும். அது எவர் காதுக்கும் தெரியும். இதை அளக்க, காயில், கண்டென்சர், தடை மூன்றையும் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் வேண்டும், 1 கிலோஹெர்ட்ஸில் வைத்து அளக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சின்ன காம்பொனென்ட் டெஸ்டர்கள் துல்லியமானவை அல்ல, ஆனாலும் இடது வலது இரண்டையும் ஒப்பிட அவை போதும்.

சரி, இப்போது பழுதைத் தேடும் வரிசை. இதில் முதல் மூன்று படிகளுக்குக் காசு செலவே இல்லை. ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள், இடது வெளியீடு வலது பெட்டிக்கு, வலது வெளியீடு இடது பெட்டிக்கு. மங்கல் வலது பெட்டிக்குப் போய்விட்டால் ஸ்பீக்கரில் குற்றமே இல்லை. ஆம்பின் பேலன்ஸ் குமிழ், ரிலே, வயர், அதற்கு முன்னால் இருக்கும் ஏதாவது. இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்ட பிறகு ஆம்பில் பழுது கண்டுபிடித்த ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு பெட்டி திரைச்சீலைக்குப் பக்கத்திலும் இன்னொன்று வெறும் சுவருக்குப் பக்கத்திலும் இருந்தால் காது ஏமாறும்.

அடுத்து முன்பலகையில் இருக்கும் அந்த இரண்டு குமிழ்கள். உங்கள் படத்தில் மிட்ரேஞ்ச், ட்வீட்டர் இரண்டுக்கும் தனித்தனியாக லெவல் குமிழ் இருக்கிறது. அவற்றின் பின்னால் எல்-பேட் இருக்கும், அதாவது ஆம்ப் பக்கம் தெரியும் ஓம் மாறாமல் சத்தத்தை மட்டும் குறைக்க இரண்டு கம்பிச்சுற்றுத் தடைகளைச் சேர்த்துச் செய்த ஒரு பாகம். நான் பந்தயம் கட்டுவதென்றால் இதன் மேல்தான் கட்டுவேன். பல வருஷம் ஒரே இடத்தில் நின்ற குமிழின் தொடுமுனை கருத்துப்போகும். நம் கடலோர ஊர்களில் சீக்கிரமே கருக்கும். இது ஜப்பானிய ஸ்பீக்கர்களுக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் 1967-ல் கொண்டுவந்த ஏ.ஆர்-3ஏ ஸ்பீக்கரை மீட்டெடுப்பவர்கள் முதலில் திறப்பது அதன் பின்பக்க லெவல் கன்ட்ரோல்களைத்தான். பச்சைக் களிம்பு பிடித்துப் போயிருக்கும். மெதுவாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ட்வீட்டர் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஏதோ ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று திறந்துகொண்டாலோ ஆளைப் பிடித்துவிட்டீர்கள். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை எல்-பேடின் இடுக்கில் அடித்து மறுபடி திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

சுத்தம் செய்தும் சரிவரவில்லை என்றால் புதிய 8 ஓம் எல்-பேட் போடலாம். குமிழே வேண்டாம், ஒரே இடத்தில் நின்றால் போதும் என்றால் இரண்டு தடைகளைப் போட்டு வேலையை முடிக்கலாம். 3 டெசிபல் குறைக்க வேண்டும் என்றால் தொடராக 2.3 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 19.4 ஓம் என்று கணக்கு வரும். கடையில் கிடைக்கும் 2.2, 20 என்ற அளவுகளே தாராளம். பத்து வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போடுங்கள்.

குமிழிலும் குற்றமில்லை என்றால் மூன்றாவது படி, இரண்டு பெட்டிகளின் ட்வீட்டர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். மங்கல் ட்வீட்டரோடு சேர்ந்து போனால் கிராஸ்ஓவரை விட்டுவிடுங்கள். இடது பெட்டியிலேயே தங்கிவிட்டால் பழுது கிராஸ்ஓவரிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. நான் இதுவரை எழுதியதில் இந்த ஒரு சோதனைக்குத்தான் மதிப்பு அதிகம். ட்வீட்டரைக் கழற்றி வைத்திருக்கும்போதே அதன் மின்தடையையும் அளந்துவிடுங்கள். 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டர் ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் காட்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வயரைக் கழற்றாமல் அளந்தால், குறுக்கே இருக்கும் காயில் 1 ஓமுக்கும் கீழே காட்டிப் பயமுறுத்தும். ஓம் சரியாக இருந்தும் ட்வீட்டர் மங்கலாம். காந்த இடுக்கில் ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் விட்ட ட்வீட்டர்கள் 70களின் பிற்பாதியிலிருந்து வர ஆரம்பித்தன. வருஷங்கள் போனால் அந்தத் திரவம் கெட்டியாகி டோமின் (ட்வீட்டரின் அதிரும் கவிகை) அசைவைப் பிடித்துக்கொள்ளும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். திறக்கும் வேலையை, ஏற்கெனவே செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஊஃபர் காந்தம் ஸ்க்ரூடிரைவரை இழுத்துக்கொள்ளும், நுனி நேராகக் கோனில் (ஊஃபரின் அதிரும் கூம்பு) போய்ச் செருகும். ஒரு கையால் கோனை மறைத்துக்கொண்டு திருகுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு கண்ணாடிப் பஞ்சாக இருந்தால் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வயரையும் பிடுங்குவதற்கு முன் படம் எடுங்கள். ட்வீட்டரை எக்காரணம் கொண்டும் கிராஸ்ஓவர் இல்லாமல் நேராக ஆம்பில் கொடுத்துச் சோதிக்காதீர்கள், ஒரு அடியில் போய்விடும்.

பழுது பலகையில்தான் என்று தெரிந்த பிறகும் கண்டென்சருக்கு உடனே போக வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் ஈய இணைப்புகளைப் பாருங்கள். கனமான காயிலும் ரெசிஸ்டரும் அதிர்ந்து அதிர்ந்து காலைச் சுற்றி வளையமாக விரிசல் விட்டிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் புது ஈயம் சேர்த்து உருக்கிவிட்டாலே சில பெட்டிகள் எழுந்துவிடும். பழுப்பு நிறப் பலகையில் சூட்டை அதிக நேரம் வைக்காதீர்கள், செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். அப்புறம் அந்தப் பழைய பசை. ஜப்பானிய எலக்ட்ரானிக்ஸில் அந்தக் காலத்தில் பாகங்களைப் பலகையோடு ஒட்ட ஒரு மஞ்சள் பசை போடுவார்கள். வயதானால் பழுப்பாகி, கீழே இருக்கும் மெல்லிய கம்பியை அரிக்கும். காயிலின் கால் பசைக்குள் மறைந்திருந்தால் சுரண்டிவிட்டுப் பாருங்கள், பச்சை பூத்திருக்கிறதா என்று. சிமென்ட் ரெசிஸ்டர்களை ஓமில் அளந்தால் அச்சிட்ட அளவுக்குப் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

காயில்கள் கெடுவது அபூர்வம். அதனால் அவற்றைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன். “தடித்த கம்பியில் சுற்றிய நல்ல காயில் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய காயிலின் கம்பித் தடையையும் சேர்த்துத்தான் வடிவமைத்தவர் கணக்குப் போட்டிருப்பார். அதைக் குறைத்தால் ஊஃபருக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான சத்த அளவு மாறும், பேஸின் இறுக்கமும் மாறும். இரும்பு உள்ளகம் உள்ளதை வெறும் காற்றுக் காயிலாக மாற்றுவதும் அப்படித்தான். பலகையை வேறு இடத்தில் பொருத்தினால் காயில்கள் முன்பு எந்தக் கோணத்தில் ஒன்றையொன்று பார்த்தனவோ அதே கோணத்தில் வையுங்கள். ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் புகாமலிருக்கத்தான் அப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள். காற்றுக் காயிலின் நடுவில் பித்தளைத் திருகு இருந்தால் அந்த இடத்தில் இரும்புத் திருகு போடக் கூடாது.

இப்போது கண்டென்சர். மெக்கானிக்குகள் செய்யும் ஒரு பழைய சோதனை உண்டு: பழைய கண்டென்சர் இருக்கும்போதே அதன் மேல் ஒரு புதியதை ஒட்டிவைத்துக் கேட்பது. ரேடியோவில் பவர் சப்ளை ஃபில்டருக்கு அது நல்ல சோதனை. இங்கே அது ஏமாற்றும். இரண்டும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகும், ட்வீட்டர் இன்னும் கீழிருந்து பாடும், பழையது முழு ஆரோக்கியமாக இருந்தாலும் மேல் ஸ்தாயி தூக்கலாகக் கேட்கும். “பார்த்தீர்களா, கண்டென்சர்தான்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பழையதன் ஒரு காலைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் சரியான அளவு நல்ல கண்டென்சரை வைத்துக் கேட்பதுதான் சோதனை.

அந்தச் சோதனைக்கு நம் ஊரில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் பொருள் இருக்கிறது. சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கண்டென்சர், உலோகம் பூசிய பாலிப்ரொப்பிலீனில் செய்தது. இணையத்தில் உங்களுக்குச் சொன்ன அதே பொருள்தான். அதோடு ஒரு 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சரைப் பக்கவாட்டில் சேர்த்தால் 4.7 ஆகிவிடும். 3.15 ஃபேன் கண்டென்சரோடு 1.5 சேர்த்தாலும் கிட்டத்தட்ட அங்கேதான் வரும். சோதனைக்கு மட்டும் என்றில்லை, நிரந்தரமாகவே அதை வைத்து ஓடும் பெட்டிகள் உண்டு. அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

நிரந்தரமாக மாற்றும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில், ஒரே வகையை, அளந்து ஜோடி சேர்த்துப் போடுங்கள். அச்சிட்ட அளவுக்கு நூல் பிசகாமல் இருப்பதைவிட இடதும் வலதும் ஒத்திருப்பது முக்கியம். பாடகர் நடுவில் நிற்பதுபோலக் கேட்பது அதனால்தான். இரண்டாவது, வகை. பிளஸ், மைனஸ் குறி போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போடவே கூடாது. ஸ்பீக்கரில் மின்னோட்டம் இரண்டு பக்கமும் போகிறது. பைபோலார் அல்லது என்.பி. என்று போட்டிருக்க வேண்டும். மூன்றாவது, வோல்ட். 100 வாட் ஆம்ப் 8 ஓமில் கொடுக்கும் உச்சம் 40 வோல்ட். 50 வோல்ட் கண்டென்சரே தாங்கும், 100 வோல்ட் போட்டால் கவலையில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் மீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஐந்தாறு வாங்கி, அதிலிருந்து ஜோடி பொறுக்குங்கள்.

பைபோலாரா பாலிப்ரொப்பிலீனா என்ற சண்டையில் என் பக்கத்தைச் சொல்கிறேன். ட்வீட்டருக்குத் தொடராக வரும் சின்ன அளவுக்கு, 10 மைக்ரோஃபாரட் வரை, பாலிப்ரொப்பிலீன் போடலாம், காயாது, நகராது. ஆனால் அதன் உள்தடை கிட்டத்தட்டப் பூஜ்யம். பழைய வடிவமைப்பில் இருந்த 1 ஓம் காணாமல் போனால் ட்வீட்டர் முழுவதும் சுமார் 1 டெசிபல் ஏறும். கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ட்வீட்டர் பாடும் பரப்பு முழுவதிலும் 1 டெசிபல் ஏறினால் ஸ்பீக்கரின் நிறமே மாறிவிடும். “பாலிப்ரொப்பிலீன் போட்டேன், திரை விலகியது மாதிரி இருந்தது” என்று எழுதுபவர்களில் கணிசமானவர்கள் கேட்டது இந்த ஒரு டெசிபலைத்தான் என்பது என் எண்ணம். ஒரு மாதம் கழித்து “கொஞ்சம் குத்துகிறது” என்று எழுதுபவர்களும் அவர்களேதான். தொடராக அரை ஓம் முதல் 1 ஓம் வரை ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டால் பழைய நிலைக்கு வரும். உங்களுக்கு லெவல் குமிழ் இருப்பதால் அதையே ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளலாம். மிட்ரேஞ்சிலும் ஊஃபரிலும் வரும் 22, 47, 100 மைக்ரோஃபாரட் பெரிசுகளுக்குப் புது பைபோலாரே போதும். அந்த அளவில் பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்குள் அடங்காது, விலையும் அநியாயம். குறுக்கே வரும் கண்டென்சரில் பைபோலாரின் அந்தச் சின்ன உள்தடை, சுற்று ஓரிடத்தில் துள்ளிவிடாமல் அடக்கிவைக்கும் வேலையையும் செய்கிறது.

இதற்கு மேல் ஒரு பிராண்டுக்கும் இன்னொரு பிராண்டுக்கும் உள்ள வித்தியாசம், புதுக் கண்டென்சர் நூறு மணி நேரம் ஓடினால்தான் ‘திறக்கும்’ என்பதெல்லாம் எனக்குச் சந்தேகமான பிரதேசம். அளவும் இ.எஸ்.ஆரும் ஒத்துப்போன இரண்டு பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர்களை மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னால் என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. முடியும் என்பவரோடு சண்டை போடவும் மாட்டேன், காசு அவருடையது.

மெக்கானிக் சொன்ன ரெடிமேட் போர்டை மட்டும் உறுதியாக வேண்டாம் என்கிறேன். அதில் “3 வழி, 8 ஓம், 200 வாட்” என்று எழுதியிருக்கும். எந்த ஊஃபருக்கு, எந்த ட்வீட்டருக்கு என்று எழுதியிருக்காது. கிராஸ்ஓவர் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒலியைப் பிரித்துக் கொடுப்பதோடு, அந்தந்த டிரைவரின் (ஊஃபர், மிட்ரேஞ்ச், ட்வீட்டர் ஒவ்வொன்றும் ஒரு டிரைவர்) மேடு பள்ளத்தைச் சமன் செய்வதும் அதன் வேலை. இதற்குத் தெளிவான உதாரணம் பி.பி.சி.யின் எல்.எஸ். 3/5ஏ. கே.இ.எஃப். கம்பெனியின் பி-110 ஊஃபரையும் டி-27 ட்வீட்டரையும் வைத்து 70களில் பி.பி.சி. பொறியாளர்கள் செய்த, கைக்கு அடக்கமான பெட்டி. அதன் கிராஸ்ஓவரில் ட்வீட்டர் சத்தத்தை அந்தந்த ஜோடிக்கு ஏற்றபடி வைக்க, பல முனைகள் எடுத்த ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரே வைத்தார்கள். பின்னாளில் பி-110-ன் குணம் உற்பத்தியில் மெல்ல நகர்ந்துபோக, 80களின் பிற்பாதியில் கிராஸ்ஓவரையே புதிதாக வடிவமைக்க வேண்டி வந்தது. 15 ஓம் ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. ஒரே பெயருள்ள ஊஃபர் கொஞ்சம் மாறியதற்கே அவ்வளவு வேலை. பொதுப் போர்டு எப்படிப் பொருந்தும்?

இதன் மறுபக்கமும் உண்டு. சில நல்ல ஸ்பீக்கர்களில் கிராஸ்ஓவர் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஜே.பி.எல். எல்-100 மூன்று வழி ஸ்பீக்கர். அதில் மிட்ரேஞ்சுக்கு 8 மைக்ரோஃபாரட், ட்வீட்டருக்கு 3 மைக்ரோஃபாரட், இரண்டு எல்-பேட், அவ்வளவுதான். ஊஃபருக்கு முன்னால் காயிலே கிடையாது. அந்த ஊஃபர் தானாகவே மேலே அடங்கிவிடும் என்று நம்பிச் செய்தது. அதைத் திறந்து பார்த்து “யாரோ காயிலைத் திருடிவிட்டார்கள்” என்று ஒன்றைச் சேர்ப்பவர் ஸ்பீக்கரைக் கெடுக்கிறார். உங்கள் பெட்டியிலும் ஏதாவது குறைவதாகத் தோன்றினால் வலது பெட்டியைப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அதே காரணத்துக்காக வயர் நிறங்களையும் ‘திருத்த’ வேண்டாம். கண்டென்சர் ஒன்று, காயில் ஒன்று என்று இருக்கும் சுற்றில், வெட்டும் இடத்தில், அதாவது ஒரு டிரைவர் அடங்கி மற்றது தொடங்கும் அதிர்வெண்ணில், ட்வீட்டரும் பக்கத்து டிரைவரும் கிட்டத்தட்ட எதிரெதிர்க் கட்டத்தில் நிற்கும்; ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு டிரைவரை வேண்டுமென்றே பிளஸ் மைனஸ் மாற்றி இணைத்திருப்பார்கள். மூன்று வழியில் பெரும்பாலும் மிட்ரேஞ்சுக்கு அப்படிச் செய்வார்கள். சிவப்பு வயர் மைனஸில் இருக்கிறதே என்று நீங்கள் மாற்றிவிட்டால் வெட்டும் இடத்தில் ஒலி ஒன்றையொன்று விழுங்கி ஒரு பள்ளம் விழும். உங்களுக்கு முன்னால் திறந்தவர் ஒரு பெட்டியில் மட்டும் இப்படி மாற்றிவைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இடது பெட்டியின் வயர் நிறங்களை வலது பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

முடித்த பிறகு காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஒலிக்கோப்பு ஒன்றை ஓட்டி, ஃபோனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்து, ட்வீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் தூரத்தில், ஒரே இடத்தில் முதலில் ஒரு பெட்டியையும் பிறகு அதே இடத்தில் மற்றதையும் வைத்து அளந்து பாருங்கள். ஃபோன் மைக் துல்லியமானது அல்ல, ஆனால் அதன் தப்பு இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருப்பதால் வித்தியாசம் மட்டும் உண்மையாகத் தெரியும். 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு கோடுகளும் 1 டெசிபலுக்குள் ஒட்டிப் போனால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரும் அளவு மைக்கும் இருந்தால் ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாம்.

இவ்வளவும் இரண்டு படங்களையும் நீங்கள் எழுதியதையும் வைத்து, பெட்டியைத் தொடாமல் சொன்னது. எல்-பேட் மேல் எனக்குள்ள சந்தேகம் சந்தேகம்தான். வயர் மாற்றியது, குமிழ் திருப்பியது, ட்வீட்டர் மாற்றியது, இந்த மூன்றின் முடிவையும் எழுதுங்கள். பழுது பலகைக்குத்தான் வந்து நிற்கிறது என்றால், பலகையின் பின்பக்கம் செம்புத் தடம் தெரியும்படி ஒரு படம், ஒவ்வொரு கண்டென்சரிலும் அச்சிட்டிருக்கும் எண்கள், ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்த எண்கள், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து அனுப்புங்கள். எதை மாற்றுவது, எதை விடுவது என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.